மார்பக இம்ப்ளான்ட் ஆபரேஷன்: எல்லை தாண்டிப் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையான களியக்காவிளையில் பஸ் ஏறினால், பாலராமபுரம் நெரிசலையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் போய்விடலாம். மார்த்தாண்டம், குழித்துறை, அருமனைப் பக்கத்தில் பெரிய வைத்தியம் என்றாலே அந்தத் திசையில் கிளம்புவதுதான் வழக்கம். மார்பைப் பெரிதாக்க, ஜெல்லோ உப்புநீரோ நிரப்பிய இம்ப்ளான்ட் என்கிற பையை உள்ளே வைக்கிற இந்த ஆபரேஷனுக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் வீட்டுச் சொந்தக்காரர் யாரும் எதிரே வரமாட்டார்கள். நான் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ப்ளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். தமிழ் பேசுகிற சிஸ்டர் என்று தெரிந்ததும், டாக்டர் முன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்பார்கள். வலிக்குமா, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா, உள்ளே வெடிக்குமா, தொட்டால் தெரியுமா.

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கீழே வரும். ஆனால் யாருமே கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபரேஷன் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், இம்ப்ளான்ட் உங்கள் உடம்பில் பத்து வருடமோ பதினைந்து வருடமோ இருக்கும், அதை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும், ஒருநாள் எடுக்கவோ மாற்றவோ வேண்டிவரும். ஆகவே டாக்டர், ஆஸ்பத்திரி, பணம் எதைத் தீர்மானித்தாலும் அந்தப் பிற்கால வருடங்களையும் கணக்கில் வைத்துத் தீர்மானியுங்கள்.

உங்களுக்கு இது பொருந்துமா

வளர்ச்சி முழுதாக முடிந்திருக்க வேண்டும். மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தருகிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, அழகுக்காகச் செய்கிற ஆபரேஷனில் உப்புநீர் இம்ப்ளான்டுக்கு 18 வயதும் சிலிக்கோன் ஜெல்லுக்கு 22 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. எடை ஓரளவு நிலையாக இருக்க வேண்டும், பத்துக் கிலோ குறைக்கிற திட்டம் இருந்தால் குறைத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் பிள்ளை பெற நினைப்பவர்கள் தள்ளிப்போடுவது நல்லது, ஏனென்றால் கர்ப்பமும் பாலூட்டலும் மார்பின் வடிவத்தை மறுபடி மாற்றிவிடும், செலவழித்த பணம் வீண். பால் நிறுத்தியவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது பொறுத்திருந்து வரும்படிதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

தளர்ந்து தொங்குகிறது என்பதற்காக வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இம்ப்ளான்ட் அளவைக் கூட்டும், தூக்கி நிறுத்தாது. கண்ணாடி முன் நின்று பாருங்கள். காம்பு, மார்புக்கு அடியிலிருக்கிற மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் உங்களுக்குத் தேவை மாஸ்டோபெக்சி என்கிற தூக்கிக் கட்டும் ஆபரேஷன். அதை மட்டும் செய்யலாம், இம்ப்ளான்டோடு சேர்த்தும் செய்யலாம், ஆனால் தழும்பு கூடும், செலவும் கூடும்.

யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். நல்ல டாக்டர் என்றால் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உங்களிடம் தனியாகக் கேட்பார். துபாயிலிருந்து லீவுக்கு வந்த கணவர் சொல்கிறார் என்பதற்காக வந்து, அந்தத் தனிமைக் கேள்வியில் அழுதுவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்கள் எடுத்தது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திருநங்கைகள் பொதுவாக ஓராண்டாவது ஹார்மோன் எடுத்து, இயல்பாக எவ்வளவு வளர்கிறது என்று பார்த்த பிறகு வருவது நல்லது. கேரளத்தில் சமூகநீதித் துறை வழியாக அவர்களுக்கு நிதி உதவி உண்டு, அதற்கான தகுதி விதிகளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தடவினால் பெரிதாகும் என்று விற்கிற கிரீம், எண்ணெய், லேகியம். எதுவும் ஆகாது. அந்தக் காசில் ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம்.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பது

பலகையில் காஸ்மெடிக் சர்ஜன் என்று எழுதியிருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. பார்க்க வேண்டியது எம்.சிஎச். ப்ளாஸ்டிக் சர்ஜரி என்கிற மேல்படிப்புப் பட்டம், அல்லது அதே துறையில் டிஎன்பி அல்லது டிஆர்என்பி. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாட்டு டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், அந்தப் பக்கம் என்றால் கேரள மாநில மருத்துவக் கவுன்சிலிலும் சரிபார்க்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முறையாகப் படித்தவர் யாரும் கோபப்படமாட்டார்.

ஆபரேஷன் எங்கே நடக்கும் என்பது அடுத்த கேள்வி. இது முழு மயக்கத்தில் நடக்கும் ஆபரேஷன், ஆகவே மயக்க மருந்து டாக்டர் உடன் இருக்க வேண்டும், ஏதாவது ஆனால் ஐசியூ கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பியூட்டி பார்லர் மாடியில் இரண்டு கட்டில் போட்ட கிளினிக்கில் குறைந்த கட்டணம் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? டாக்டரின் சொந்த எண் தருவார்களா, ட்யூட்டி டாக்டர் எண்ணா? வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றால் நடுவில் எங்கே போவது? இதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குப் பார்ப்பார்கள், ஆனால் என்ன இம்ப்ளான்ட், தசைக்கு மேலா கீழா என்று சொல்லத் தெரிந்தால்தான் அவர்களாலும் வேகமாக முடிவெடுக்க முடியும். வெகுதூரம் போய்ச் செய்துகொள்வதில் மலிவு இருக்கலாம், ஆனால் திரும்பத் திரும்பக் காட்டப் போகிற பயணத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

சம்மதப் பத்திரம் அங்கே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். நமக்கு மலையாளம் பேசினால் புரியும், படிக்க வராது, படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். முந்தின நாளே வாங்கி, தெரிந்தவர் ஒருவரை வைத்துப் படித்து, புரியாத இடத்தில் கோடு போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். முன்பு ஆபரேஷன் செய்தவர்களின் படங்களை டாக்டர் காட்டினால், ஒரு மாதத்தில் எடுத்ததைப் பார்த்து மயங்காமல், ஒரு வருடம் கழித்து எடுத்தது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணம். அழகுக்காகச் செய்கிற ப்ளாஸ்டிக் சர்ஜரிக்கு மருத்துவச் சேவைக்குரிய வரி விலக்கு கிடையாது, ஜிஎஸ்டி உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, விபத்துக் காயம் போன்றவற்றைச் சரிசெய்வதற்கு விலக்கு உண்டு. அதனால் ஒரு பக்கம் வளரவே இல்லை என்ற மாதிரி பிரச்சினை உள்ளவர்கள் அதைக் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அழகு ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் தராது, பின்னால் அதனால் வரும் சிக்கலுக்கும் தர மறுக்கலாம், பாலிசியைப் படித்துப் பாருங்கள். பேக்கேஜ் என்று ஒரு தொகை சொன்னால் அதில் இம்ப்ளான்ட் விலை, மயக்க டாக்டர், அறை, பிரா, பிறகு வந்து காட்டுவதற்கான கட்டணம் எல்லாம் அடங்குமா, ஏதாவது ஆகி மறுபடி தியேட்டருக்குப் போனால் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 2018ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த ஆபரேஷனை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது பெரிய சர்ச்சை ஆனது. எனக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை, காசுள்ளவர்கள் செய்துகொண்டால் யாரும் கேட்பதில்லையே.

அளவும் வகையும்

டாக்டர் முதலில் டேப்பை எடுத்து மார்பின் அடி அகலத்தை அளப்பார், கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை அளப்பார், மேல்பக்கத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். அந்தக் கிள்ளலில்தான் பாதி முடிவு இருக்கிறது. தோலுக்கு அடியில் போதிய சதை இல்லையென்றால் இம்ப்ளான்டின் ஓரம் வெளியே தெரியும், சுருக்கம் விழும். அடி அகலத்தைவிடப் பெரிய இம்ப்ளான்டை வைத்தால் அக்குள் பக்கம் பிதுங்கும், இல்லையென்றால் நடுவில் இரண்டும் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அளவைச் சொல்வது சிசி, அதாவது மில்லிலிட்டர் கணக்கில். பலருக்கு 200லிருந்து 400க்குள் அமையும். சி கப் வேண்டும், டி கப் வேண்டும் என்று கேட்டால் டாக்டர் சிரிப்பார், ஏனென்றால் கப் என்பது பிரா கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் கவரில் பச்சரிசியை அளந்து போட்டு, கட்டி, கொஞ்சம் பெரிய பிராவுக்குள் வைத்து, மேலே வழக்கமான சுடிதாரைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வீட்டு வேலை பாருங்கள். ஒரு மெஷரிங் கப் அரிசி என்பது கிட்டத்தட்ட 240 சிசி. 400 வேண்டும் என்று வந்தவர்கள் பலர் இந்தச் சோதனைக்குப் பிறகு 275க்கு இறங்கி வந்திருக்கிறார்கள். கனம் தோளில் தெரியும், அக்கா.

பெரிய அளவு கேட்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் இருக்கும். கனம் கூடக்கூடத் தோல் தளரும், மெலியும், மறு ஆபரேஷன் சீக்கிரம் வரும். டாக்டர் சொன்னதைவிட ஒரு படி குறைவாக எடுத்துவிட்டு வருந்தியவர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிதாக வைத்துவிட்டு வருந்துவது உடம்புக்கு அதிகக் கஷ்டம்.

வகைக்கு வருவோம். உறை எல்லாவற்றிலும் சிலிக்கோன்தான், உள்ளே இருப்பது ஜெல்லா உப்புநீரா என்பதுதான் வித்தியாசம். ஜெல் தொட்டால் இயல்பாக இருக்கும், ஆனால் கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். உப்புநீர் கிழிந்தால் சில நாளில் சப்பென்று ஆகிவிடும், உடனே தெரியும், நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் மெலிந்த உடம்பில் அலையலையாகச் சுருக்கம் தெரியும். சிலிக்கோன் இம்ப்ளான்டை முதன்முதலில் வைத்தது 1962ல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். 1992ல் அமெரிக்காவிலேயே அழகு ஆபரேஷனுக்கு ஜெல் வகையை நிறுத்திவைத்து, 2006ல் மறுபடி அனுமதித்தார்கள். 2010ல் பிரான்ஸின் பிஐபி கம்பெனி தொழிற்சாலை சிலிக்கோனை அடைத்து விற்றது பிடிபட்டது. 2019ல் அலர்கன் கம்பெனி சொரசொரப்பான உறையுள்ள பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது, ஒருவகை லிம்ஃபோமா புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு தெரிந்ததால். இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. எந்தக் கம்பெனி, எந்த மாடல், வழவழப்பா சொரசொரப்பா, இறக்குமதி உரிமம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டியதன் காரணம் இதுதான். வழவழப்பான உறைதான் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே வைப்பது என்பது இரண்டு விதம். மார்புத் தசைக்கு மேலே வைத்தால் வலி குறைவு, சீக்கிரம் தேறலாம், ஆனால் சதை குறைவாக உள்ளவர்களுக்கு ஓரம் தெரியும். தசைக்கு அடியில், அதாவது மேல்பாதி தசையின் கீழும் கீழ்பாதி சுரப்பியின் கீழும் வருகிற மாதிரி வைத்தால் மேல்பக்கம் சரிவாக இயல்பாக இருக்கும், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுப்பதும் சற்று எளிது, ஆனால் முதல் வாரம் நெஞ்சை இறுக்கிக் கட்டிய மாதிரி வலிக்கும். கையை அழுத்தி எதையாவது தூக்கும்போது இம்ப்ளான்ட் லேசாக அசைவதும் தெரியும்.

கீறல் மூன்று இடத்தில் போடலாம். அடி மடிப்பில் போடுவதுதான் அதிகம், தழும்பு மறைந்துவிடும், பால் நாளங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. காம்பைச் சுற்றியுள்ள கருவளைய ஓரத்தில் போட்டால் தழும்பு நன்றாகக் கலந்துவிடும், ஆனால் பால் குறையவும் உணர்ச்சி மரக்கவும் வாய்ப்பு கூடுதல். அக்குள் வழியாகவும் செய்வார்கள், மார்பில் தழும்பே இருக்காது, ஆனால் மறு ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் வேறு இடத்தில்தான் திறக்க வேண்டிவரும். நம் தோலில் தழும்பு தடித்து எழும்புகிற வழக்கம் உண்டு. காது குத்திய இடமோ அம்மை ஊசித் தழும்போ உங்களுக்குத் தடித்திருந்தால் அதை முதலிலேயே காட்டுங்கள்.

இம்ப்ளான்டே வேண்டாம் என்பவர்களுக்கு வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை எடுத்துப் போடும் முறை இருக்கிறது. உள்ளே அந்நியப் பொருள் இல்லை. ஆனால் போட்டதில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும், ஒரே தடவையில் பெரிதாகக் கூட்ட முடியாது, ஒல்லியானவர்களுக்கு எடுக்கவே கொழுப்பு இருக்காது.

தேதி குறித்த பிறகு

ரத்தம், சர்க்கரை, ஈசிஜி, எக்ஸ்ரே, எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ், கர்ப்பப் பரிசோதனை எல்லாம் எடுப்பார்கள். வயதுக்கேற்ப மார்பக ஸ்கேனோ மேமோகிராமோ எடுத்து வைப்பது மிக முக்கியம், பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்று இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டலாம், எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். இதயத்துக்கு என்று போடுகிற மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் ஏதாவது அரிஷ்டமோ கஷாயமோ குளிகையோ இருக்கும், அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை, டாக்டர் கேட்டால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். புகைபிடிப்பவர்கள் முன்னும் பின்னும் நான்கு வாரமாவது நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காயம் சரியாக ஆறாமல் போகலாம்.

வளைகுடாவில் நர்ஸாக இருந்துகொண்டு முப்பது நாள் லீவில் வந்து செய்துகொண்டு போகிற நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வந்த முதல் வாரத்திலேயே ஆபரேஷன் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண வீடு, கோயில் கொடை, பெருநாள் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி வாரத்தில் வைக்காதீர்கள். திரும்பிப் போனதும் நோயாளியைத் தூக்கிப் புரட்டுகிற வேலையென்றால் ஆறு வாரம் அது முடியாது, வார்டு மாற்றம் கேட்டு வைத்துவிடுங்கள்.

வீட்டில் மேல் பரணில் இருக்கிற அரிசி டப்பா, எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். முன்னால் ஜிப் வைத்த நைட்டி நாலைந்து வேண்டும், தலைவழியாகப் போடுகிற எதுவும் இரண்டு வாரத்துக்கு உதவாது. கிணற்றில் வெள்ளம் (தண்ணீர்) கோருகிற வீடென்றால் அதற்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொடுக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம். பித்தப்பைக் கல் என்று சொன்னவர்கள்தான் எங்கள் வார்டில் அதிகம். வீட்டில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் டாக்டரிடம் பேசப்போவது அவர்தான்.

ஆபரேஷன் நாள்

ஆறு மணி நேரம் முன்பே சாப்பாடு நிறுத்தம், வெறும் தண்ணீர் எப்போது வரை என்று மயக்க டாக்டர் சொல்வார். நெயில் பாலிஷ், மருதாணி வேண்டாம், விரலில் மாட்டுகிற கருவி ஆக்சிஜனைச் சரியாகக் காட்டாமல் போகலாம். நகை எதுவும் கூடாது. தாலியையோ கிறிஸ்தவப் பெண்கள் அணிகிற மின்னையோ கழற்ற மனம் வராதவர்கள் முந்தின நாளே வெறும் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்வார்கள், ரத்தத்தை நிறுத்தச் சுடுகிற கருவி மின்சாரத்தில் ஓடுவதால் உலோகம் உடம்பில் இருக்கக்கூடாது.

தியேட்டருக்குள் போகுமுன் டாக்டர் உங்களை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுவார். நடுக்கோடு, இப்போதுள்ள மடிப்பு, புது மடிப்பு வரவேண்டிய இடம், கீறல் இடம். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும், அதனால்தான் நின்றபடி வரைவது. அந்த நேரம் ரொம்பப் பேருக்குக் கூச்சமாக இருக்கும், பக்கத்தில் பெண் நர்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊசி போகும், கண் சொருகும். உள்ளே என்ன நடக்கும் என்றால், கீறலுக்கு முன்பே ஆன்டிபயாடிக் ஏறியிருக்கும், டாக்டர் பை போல இடம் உண்டாக்கி, ரத்தக் கசிவைச் சுத்தமாக நிறுத்தி, கழுவி, கையுறை மாற்றிக்கொண்டு இம்ப்ளான்டைக் கையில் எடுப்பார். பெட்டியைத் திறக்குமுன் கம்பெனி, அளவு, இடதா வலதா என்று நாங்கள் உரக்கப் படித்துச் சொல்வோம். திறந்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாத சாமான் அது. பெட்டியோடு வருகிற ஸ்டிக்கரில் ஒன்றைக் கேஸ் ஷீட்டிலும் ஒன்றை உங்கள் கார்டிலும் ஒட்டுவோம். அந்தக் கார்டு இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். சீரியல் எண் இருந்தால்தான் நாளைக்கு ஒரு கம்பெனி சரக்கைத் திரும்பப் பெற்றால் உங்களுடையது அதில் இருக்கிறதா என்று தெரியும்.

விழித்ததும் குளிரும், குமட்டும், தொண்டை கரகரக்கும், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் இயல்பு. அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொல்வார்கள், கால் ரத்தம் கட்டாமல் இருக்க அது வேண்டும். சிலரை அன்றே அனுப்புவார்கள், தூரத்து ஆட்கள் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போவதே நல்லது.

முதல் வாரம்

வீடு திரும்பக் காரே மேல். பஸ் வேண்டவே வேண்டாம். ரோட்டுக் குழி ஒவ்வொன்றும் உயிர்போகும், சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள்தான் வலி கூடுதல், அதிலும் தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு. மாத்திரையை வலி வந்தபின் தேடாமல் நேரத்துக்குப் போடுங்கள். அதில் சில மாத்திரை மலச்சிக்கல் தரும், முக்கினால் நெஞ்சு வலிக்கும், ஆகவே பயறு கஞ்சி, பழம், நிறைய வெள்ளம். மல்லாந்துதான் படுக்க வேண்டும், முதுகுக்கு இரண்டு தலையணை சாய்த்து. படுக்கையிலிருந்து கையை ஊன்றி எழாதீர்கள், யாராவது முதுகைப் பிடித்துத் தூக்கட்டும்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் ஒருவகை அழுகை வரும். வீக்கம் உச்சத்தில் இருக்கும், இரண்டும் ஒரே மாதிரி இருக்காது, கழுத்துக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு கல்லாக நிற்கும், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சிஸ்டரே, இது எப்பதான் எறங்கும்?" என்று போன் வரும். இறங்கும். தசை தளர்ந்து, வீக்கம் வற்றி, இம்ப்ளான்ட் தன் இடத்தில் உட்கார மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம். அதற்குள் அளவைப் பற்றி எந்தத் தீர்ப்பும் வேண்டாம், ஒரு பக்கம் முதலிலும் மற்றது கொஞ்சம் தாமதமாகவும் இறங்குவதும் சாதாரணம். காம்பு மரத்துப்போவது, இல்லையென்றால் துணி பட்டாலே கூசுவது, இரண்டும் வரும். பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும், கொஞ்சம் பேருக்கு முழுதாகத் திரும்பாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே ஏற்றுக்கொள்ள முடிந்தால்தான் செய்யுங்கள்.

ஆறு வாரம் வரை

டாக்டர் தந்த பிராவை இரவும் பகலும் போட வேண்டும், கம்பி வைத்த பிரா கூடாது. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். ஸ்கூட்டர் இரண்டு மூன்று வாரம் வேண்டாம், பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும் நெஞ்சுத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று. தேங்காய் துருவுவது, துணி பிழிவது, அம்மியில் அரைப்பது, ரப்பர் பால் வாளி தூக்குவது, பிள்ளையை இடுப்பில் வைப்பது, இவையெல்லாம் ஜிம்முக்குச் சமம், டாக்டர் உடற்பயிற்சி கூடாது என்று சொன்னால் இவற்றையும் சேர்த்துத்தான். ஓட்டம், எடை எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு.

நம் ஊர் வியர்வையில் அடி மடிப்பு ஈரமாகவே இருக்கும். டாக்டர் குளிக்கலாம் என்றதும் குளித்து, ஒற்றித் துடைத்து, பிராவை தினமும் மாற்றுங்கள். பவுடர், மஞ்சள், பச்சிலை எதையும் காயத்தில் பூசாதீர்கள். குளம், ஆறு, கடல் குளியல் காயம் முழுதாக ஆறும் வரை வேண்டாம். காயம் மூடியபின் சிலிக்கோன் ஜெல்லோ பட்டையோ சில மாதம் போட்டால் தழும்பு அடங்கும்.

உழிச்சில் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு எண்ணெய் தேய்த்து உடம்பு உழிவது இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம், அதே நினைப்பில் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வாரம் ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கூடாது. சில டாக்டர்கள் இம்ப்ளான்டை மெதுவாக நகர்த்துகிற மசாஜ் சொல்லிக்கொடுப்பார்கள், அது வேறு, அதையும் அவர் காட்டியபடி மட்டும்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

ஒரு பக்கம் மட்டும் சடுதியில் பெரிதாகி, இறுகி, வலி கூடினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் வரும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, தோல் சிவந்து சூடாவது, சீழோ நீரோ வடிவது, தையல் பிரிவது, இவை தொற்றின் அடையாளம். இம்ப்ளான்டில் கிருமி உட்கார்ந்துவிட்டால் மருந்து மட்டும் போதாமல் எடுத்துவிட்டுச் சில மாதம் கழித்துத்தான் மறுபடி வைக்க வேண்டிவரும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீர் மூச்சுத்திணறல் வந்தாலோ டாக்டர் எண்ணைத் தேடாமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம் வருகிற வருடங்கள்

உடம்பு எந்த இம்ப்ளான்டைச் சுற்றியும் மெல்லிய உறை கட்டும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கி இம்ப்ளான்டை நெருக்கும், மார்பு கல்லாகும், வடிவம் மாறும், வலிக்கும். பேக்கர் என்பவர் பெயரில் இதை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்றும் நான்கும் பெரும்பாலும் ஆபரேஷனில்தான் முடியும். மறு ஆபரேஷனுக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

ஜெல் கிழிந்தது வெளியே தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அதனால் எஃப்டிஏ சொல்வது, வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒரு முறை அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை. எட்டிலிருந்து பத்து வருடத்துக்குள் ஐந்தில் ஒருவர் எடுக்க நேரிடுகிறது என்பதும் அவர்கள் சொன்ன கணக்குதான். இந்தச் செலவை இப்போதே ஒரு சீட்டு போட்டுச் சேர்க்கத் தொடங்குங்கள்.

பல வருடம் கழித்து ஒரு மார்பு மட்டும் நீர்கோத்து வீங்கினாலோ கட்டி தட்டுப்பட்டாலோ அந்த லிம்ஃபோமாவா என்று பார்த்தாக வேண்டும். அரிதான நோய், முன்கூட்டியே பிடித்தால் இம்ப்ளான்டையும் சுற்றியுள்ள உறையையும் எடுத்தே பெரும்பாலானோர் குணமாகிறார்கள். மூட்டு வலி, களைப்பு, முடி கொட்டுதல், மறதி என்று இம்ப்ளான்டுக்குப் பிறகு தொடங்கியதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். காரணம் என்ன என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, எடுத்தபின் தேறியவர்களும் உண்டு, உங்களுக்கு அப்படி இருந்தால் மனப்பிரமை என்று ஒதுக்குகிற டாக்டரை விட்டு வேறொருவரிடம் காட்டுங்கள்.

பாலூட்டல் பெரும்பாலானவர்களுக்கு முடிகிறது, பால் குறையலாம், மேல்பால் கொஞ்சம் சேர்க்க வேண்டிவரலாம். மேமோகிராமுக்குப் போனால் படம் எடுப்பவரிடம் இம்ப்ளான்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள், அதைப் பின்னால் தள்ளிப்பிடித்துக் கூடுதல் படம் எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, விமானப் பயணம் எதற்கும் தடையில்லை.

எடுத்துவிடலாம் என்று தோன்றினால் அதுவும் முடியும், மறுபடி வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தோல் தளர்ந்து முன்பிருந்ததைவிடச் சரிந்திருக்கலாம், கூடவே தூக்கிக் கட்டுகிற ஆபரேஷன் செய்வார்கள். அன்றைக்கு உங்கள் பழைய டாக்டர் ஊர் மாறியிருக்கலாம், ஆஸ்பத்திரி பெயர் மாறியிருக்கலாம், பழைய ஃபைல் கிடைக்காமலே போகலாம். இம்ப்ளான்ட் கார்டு, டிஸ்சார்ஜ் காகிதம், முதல் ஸ்கேன் மூன்றையும் படமெடுத்து மெயிலில் போட்டுவைத்து, அசலை ஆதார் அட்டை வைக்கிற ஃபைலிலேயே வையுங்கள்.